முந்நூறு பேர் போட்ட குப்பை

விடியும் முன்பே முதல் லாரி குப்பைமேட்டில் ஏறிவிடும். அது கொட்டும்போது பக்கவாட்டில் நின்று, கொட்டி முடிந்ததும் கொக்கிக் கம்பியோடு பொறுக்கப் பாய வேண்டும். கம்பிக்காரிக்கு இது இருபது வருடப் பழக்கம். முழங்கால்வரை புதைந்த காலுக்கடியில் குப்பை கொதித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து கிளம்பும் காற்று நெருப்பைக் கண்டால் பற்றிக்கொள்ளும் என்பதால் மேட்டில் யாரும் தீக்குச்சி உரசுவதில்லை.

மேட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. குடும்பத்துக்கு ஒரு பகுதியின் லாரி. பங்களாப் பகுதி லாரி கம்பிக்காரிக்கு மாமியார் வழியில் வந்தது, சந்தைப் பகுதி லாரி நாத்தனாருடையது. கம்பிக்காரி ஒருமுறை சந்தை லாரியில் கை வைத்ததற்காக நாத்தனார் அவளோடு மூன்று வருடமாகப் பேசவில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் எது எந்தப் பகுதிக் குப்பை என்று இவர்கள் சொல்லிவிடுவார்கள். மேட்டடியிலுள்ள இவர்கள் குடியிருப்புக்கு மட்டும் லாரி கிடையாது. தூக்கி எறிய அங்கே என்ன இருக்கிறது?

அன்று காலை மேட்டைக் குத்தகை எடுத்த முதலாளி, வண்ணப் பட்டைகள் போட்ட ஒரு தாளோடு வந்தார். பூமியைச் சூடாக்கும் காற்று குப்பையிலிருந்து தலைக்கு எவ்வளவு கிளம்புகிறது என்று பகுதிவாரியாக ஒப்பிட்டிருந்தார்கள். பங்களாப் பகுதியின் பட்டை சுண்டுவிரல் நகமளவு. மேட்டடிக் குடியிருப்பின் பட்டை தாளின் உச்சியை முட்டியது. ஆகவே பத்து நாளில் எல்லாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டும், மேட்டை மூடி வேலி போடப்போகிறோம் என்றார்.

கம்பிக்காரி தன் கம்பியால் அந்த உச்சிப் பட்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"இதை எப்படிங்க கணக்குப் போட்டீங்க?"

"மேட்டுல கிளம்புற காத்தை இங்க குடியிருக்கிற முந்நூறு பேரால வகுத்தோம்."

"குப்பை ஊரோடது. தலை மட்டும் எங்களோடதா?"

"மேடு உங்க பகுதியிலதானேம்மா இருக்கு."

"எங்க வாசல்ல கொண்டுவந்து கொட்டிட்டு, நாத்தம் புடிச்சவ நீதான்னு சொல்றீங்க."

மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்காமலே, ஆதாரம் இருந்தால் எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார். மேடு சரிந்து புருஷன் புதைந்தபோதும் அவள் எழுதிக் கொடுத்தவள்தான். கிணற்றில் போட்ட கல்.

ஆதாரத்துக்கு எங்கே போவது? மதியத்துக்குள் மண்தள்ளும் இயந்திரம் ஏறி எல்லாப் பகுதிக் குப்பையையும் ஒன்றாகக் கலந்துவிடும். கலக்கும்வரைதான் குப்பைக்கு முகவரி. அதை யோசித்தபோதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. நாளைக்கு யாரும் பொறுக்க வேண்டாம், கலக்கவும் விட வேண்டாம், வந்த குப்பை வந்தபடி பகுதி பகுதியாகக் கிடக்கட்டும் என்று வீடு வீடாகச் சொன்னாள். ஒருநாள் பொறுக்காவிட்டால் அடுப்பில் பூனை தூங்கும் என்று முணுமுணுத்தார்கள். நாத்தனார் கதவைத் திறக்கவேயில்லை.

மறுநாள் ஆறு பகுதிக்கு ஆறு குவியல் நின்றன. ஊரில் ஆள் குறைந்த பங்களாப் பகுதியின் குவியல்தான் எல்லாவற்றையும்விட உயரம். சந்தைக் குவியலின் மேல் நாத்தனார் கம்பியை நட்டுவைத்துக் கை கட்டி நின்றாள். கடைசியாக, முந்நூறு பேர் வீட்டுக் குப்பையையும் சேர்த்து ஏழாவதாக வைத்தார்கள். நான்கு சாக்கு.

இயந்திரம் உறுமிக்கொண்டு வந்தது. ஓட்டுநர் நான்கு சாக்கையும் பார்த்தார், பங்களாக் குவியலையும் பார்த்தார், எஞ்சினை அணைத்தார். முதலாளி போனில் வேறு ஓட்டுநரைக் கூப்பிடுவது கேட்டது.

அந்த இன்னொருவன் எப்படியும் வருவான். தாளிலுள்ள பட்டையும் குறையாது, பத்து நாளும் பதினொன்றாகாது. கம்பிக்காரிக்கு அது நன்றாகவே தெரியும்.

நாத்தனார் இறங்கிவந்து பக்கத்தில் நின்றாள்.

"அண்ணி, நம்ம சாக்கையெல்லாம் ஏறுற வழி நடுவுல வைங்க. வர்றவன் அதைத் தாண்டித்தான் ஏறணும்."

இருவரும் ஒரு சாக்கில் ஆளுக்கொரு முனை பிடித்தார்கள். தூக்குவதற்குள் மற்ற சாக்குகளுக்கும் கைகள் வந்துவிட்டன.