அக்காவின் ஒழுங்கைக்குப் போன வயர்

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலிலுள்ள முனைத்தீவில் சூரிய மின்சாரத்தை வீடுகளுக்கும் விரிவாக்கும் படத்தைக் கீறியவர் அம்புறோஸ்தான். கனடாவில், மொன்றியலில் இருந்த முனைத்தீவார் சங்கத்தில் மின்சாரம் தெரிந்தவர் அவர் ஒருவரே. செயின்ட்-மிஷேலில் ஒரு தொழிற்சாலையில் பதினாலு வருடமாக வயரோடும் மோட்டரோடும் மல்லுக்கட்டுகிற வேலை. இலங்கையில் சண்டை நின்று சமாதான காலம் வந்ததும் சங்கம் தீவின் டிஸ்பென்சரிக்குச் சூரியத் தகடுகளும் பற்றரிகளும் போட்டுக் கொடுத்தது. அடுத்த வருடம், 2003இல், இன்னும் சில தகடுகளைச் சேர்த்து, அதே பற்றரிகளிலிருந்து கோயிலடி வரைக்கும் இருபது வீடுகளுக்கு வெளிச்சம் கொடுப்பதென்று முடிவாயிற்று.

இருபது வீட்டைப் பற்றரிகள் தாங்கும். ஆனால் கோயிலுக்கு அப்பால், மேற்கு ஒழுங்கையில், அம்புறோஸின் அக்கா அக்னெஸின் வீடு இருந்தது. அவளுக்கு மட்டும் கொடுத்தால் ஊர் கதைக்கும் என்று ஒழுங்கையின் ஒன்பது வீடுகளையும் படத்தில் சேர்த்தார். மாரியில் தொடர்ந்து நாலு நாள் வெயில் இல்லாவிட்டால் இத்தனை வீட்டுக்கு மின்சாரம் காணாது, தீர்ந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். முனைத்தீவில் வெயிலுக்கா பஞ்சம் என்று தன்னையே சமாளித்துக்கொண்டு படத்தை அனுப்பிவிட்டார்.

படத்தின்படியே வயர் இழுத்த அந்தக் கார்த்திகையில் ஐந்து நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் பின்னேரம் அஞ்சலீனா என்ற ஏழு வயதுப் பிள்ளையை மூச்சிழுப்போடு டிஸ்பென்சரிக்குத் தூக்கிவந்தார்கள். மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கும் கருவி இயங்கவில்லை. பற்றரிகள் செத்துக் கிடந்தன. கொந்தளித்த கடலில் இரண்டு மணி நேரம் வள்ளத்தில் கொண்டுபோய் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிள்ளை பிழைத்தது. ஆனால் பதினொரு நாள் கட்டிலை விட்டு எழும்பவில்லை.

செய்தி வந்த ஞாயிறு, மொன்றியலில் பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் கூட்டம் நடந்தது. தீவில் பற்றரிகளைப் பார்த்துக்கொள்ளும் றஜிந்தன் கவனமில்லாமல் விட்டிருக்கிறான் என்றார் சங்கத் தலைவர் நீக்கிலாப்பிள்ளை. அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட வேண்டும் என்று பலரும் சொன்னார்கள். அம்புறோஸிடம் கேட்டபோது அவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி, அடுத்த கிழமை முடிவெடுப்போம் என்று மட்டும் சொன்னார். பியர்பொன்ட்ஸில் இருந்த வீட்டுக்குக் காரில் திரும்பும்போது மனைவி எலிசா என்னவென்று கேட்டாள். அவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

மறுநாள் காலை வேலைக்குப் போகாமல் றஜிந்தனுக்குத் தொலைபேசி எடுத்தார். ஒன்றும் அறியாதவர்போல, என்ன நடந்தது என்று விசாரித்தார்.

"அண்ணை, வயர் இழுக்கேக்கையே மாரிக்கு இது காணாதெண்டு எனக்குப் பட்டது," என்றான் அவன். "நீங்கள் கீறின படம். உங்களுக்குத் தெரியாததோ எண்டு பேசாமல் இருந்திட்டன். பிழை என்ரைதான்."

அம்புறோஸ் தொலைபேசியை வைத்தார்.

அடுத்த ஞாயிறு எழும்பி நின்றார். "றஜிந்தனை ஒண்டும் சொல்லாதேங்கோ. காணாதெண்டு தெரிஞ்சுதான் நான் அக்கான்ரை ஒழுங்கையைச் சேர்த்தனான்."

ஒருவரும் அவரைத் திட்டவில்லை. நீக்கிலாப்பிள்ளை மேசையில் கிடந்த படத்தை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். மேற்கு ஒழுங்கைக்குப் போன வயர் துண்டிக்கப்பட்டது. மார்கழியில் நத்தார் வாழ்த்துச் சொல்ல அவர் அழைத்தபோது அக்னெஸ் கேட்டாள்.

"நான் உன்னட்டை லைற் கேட்டனானோ, தம்பி? இப்ப ஒழுங்கை முழுக்க என்னையெல்லே குறையாப் பார்க்குது."

அடுத்த கோடையில் டிஸ்பென்சரிக்குத் தனிப் பற்றரிகள் போயின. வீடுகளுக்கு வேறு பற்றரிகள். மேற்கு ஒழுங்கைக்கும் திரும்ப வெளிச்சம் வந்தது. படத்தை இந்த முறை றஜிந்தன் கீறினான், அம்புறோஸ் சரிபார்த்தார். பிழை எதுவும் இருக்கவில்லை. திறப்பு விழாவுக்கு அவரையும் வரும்படி தீவிலிருந்து எழுதியிருந்தார்கள். அஞ்சலீனாதான் சுவிச்சைப் போடுவாள் என்றும் அதில் இருந்தது.

வேலையில் லீவு தரமாட்டார்கள் என்று அம்புறோஸ் பதில் எழுதினார். அவர் லீவு கேட்கவே இல்லை.