செல்ரிக் வென்ற வருஷம்

ஸ்கொட்லாந்து எங்கே இருக்கிறது என்று கேட்டால் நிக்கலஸ் உலகப்படத்தில் கொஞ்ச நேரம் விரலால் துழாவித்தான் காட்டுவான். செல்ரிக் போன சனிக்கிழமை யாரோடு விளையாடியது, எத்தனை கோல் போட்டது என்று கேட்டால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான். டென்மார்க்கில் ஸ்கீவ என்கிற சின்னப் பட்டணத்தில், பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடிக்கிற ஒரு மன்னார்க்காரனுக்குக் கிளாஸ்கோ கால்பந்தில் என்ன அலுவல் என்று நீங்கள் கேட்கலாம். ஒரே வீட்டில் அவனோடு இருந்த தவராஜாவும் அதைத்தான் வாரா வாரம் கேட்டார்.

எல்லாவற்றுக்கும் காரணம் வானொலிதான். பின்னேரம் லண்டனிலிருந்து பதினைந்து நிமிஷமோ அரை மணித்தியாலமோ தமிழில் செய்தி வரும். ஊரில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பதை ஊகிக்க அதை விட்டால் வேறு வழியில்லாத காலம் அது. செய்தி முடிந்த பிறகு வானொலியை நிறுத்த ஒருவருக்கும் கை வராது. கேட்டதை நினைத்துக்கொண்டு அப்படியே இருப்பார்கள். சனிக்கிழமைகளில் அந்த அமைதிக்குள் ஒரு வெள்ளைக்காரக் குரல் வந்து கால்பந்து முடிவுகளை வாசிக்கும். இங்கிலாந்து முடிந்து ஸ்கொட்லாந்து தொடங்கும்போது நிக்கலஸ் நிமிர்ந்து இருப்பான். மன்னாரில் அவனுக்குப் படிப்பித்த ஐரிஷ்காரத் துறவி ஒருவர், பசியில் கிடந்த கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடத் தொடங்கிய கழகம்தான் செல்ரிக் என்று சொல்லியிருந்தார். அது போதாதா அவனுக்கு.

எண்பத்தேழாம் ஆண்டு கால்பந்துப் பருவம் தொடங்கியபோதுதான், மனைவி மேரிகிறேஸையும் மகன் டிலுக்சனையும் கூப்பிட நிக்கலஸ் ஸ்கீவ பொலிஸ் நிலையத்தில் விண்ணப்பம் கொடுத்தான். இருவரும் மன்னார்ப் பக்கம் அடம்பனில் கிறேஸின் சின்னம்மா வீட்டில் இருந்தார்கள். மகன் தாயின் வயிற்றில் இருக்கும்போது புறப்பட்டு வந்தவன் நிக்கலஸ். பிள்ளையைப் படத்தில் பார்த்ததோடு சரி. அகதியாக ஏற்கப்பட்டவன் குடும்பத்தைக் கூப்பிடலாம் என்று சட்டம் சொன்னது. சட்டம் சொன்னால் டென்மார்க்கில் நடந்துவிடும் என்று அவன் முழு மனதோடு நம்பினான்.

ஐப்பசியில் இந்திய இராணுவத்துக்கும் இயக்கப் பெடியளுக்கும் சண்டை மூண்டது. யாழ்ப்பாணம் எரிகிறது என்று செய்தி சொன்ன ஒரு சனிக்கிழமை, அதே வானொலி ரேஞ்சர்ஸ் இரண்டு, செல்ரிக் இரண்டு என்றும் சொன்னது. நிக்கலஸுக்கு அழுகையும் வந்தது, அதோடு ஒரு பைத்தியக்கார யோசனையும் வந்தது. செல்ரிக் இந்தப் பருவம் வெற்றிக்கிண்ணம் எடுத்தால் கிறேஸும் பிள்ளையும் வந்து சேருவார்கள். எடுக்காவிட்டால் இல்லை. அப்படியே மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டான்.

"மாதாவுக்கு வேறை வேலை இல்லையோடா? பந்துக்குப் பின்னாலை ஓடச் சொல்லுறாய்," என்றார் தவராஜா. அவர் சைவக்காரர். ஆனாலும் மாதாவுக்கு மரியாதை குறைவதை விரும்பாதவர்.

"நீங்கள் சும்மா இருங்கோ அண்ணை. அவ பார்த்துக்கொள்ளுவா."

மாதா பார்த்துக்கொண்டாவோ என்னவோ, குளிர் இறங்கிய பிறகு செல்ரிக் தோற்கவே மறந்துவிட்டது. கடைசி நிமிஷத்தில் கோல் போட்டு வென்றது. தோற்கவேண்டிய ஆட்டத்தையும் சமமாக்கியது. தொழிற்சாலையில் இரத்தமும் பனியுமாக நின்று வேலை செய்யும்போதுகூட நிக்கலஸ் சிரித்துக்கொண்டு நின்றான். மார்கழி முடிந்து மாசி வந்தது. பொலிஸ் நிலையத்திலிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை.

"ஒருக்கால் போய்க் கேளன்," என்றார் தவராஜா.

"கேட்டனான். பரிசீலனையிலை இருக்காம். இது எங்கடை அரசாங்கக் கச்சேரி இல்லை அண்ணை, பின்னாலை திரியிறதுக்கு. திருப்பித் திருப்பிக் கேட்டால் கோவிச்சுக்கொண்டு எங்கடையை அடியிலை போட்டிடுவாங்கள்."

நம் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஊரில் ஒரு கையெழுத்துக்குப் பத்துத்தரம் அலைந்து களைத்தவர்களுக்கு, கேட்காமலே வேலை நடக்கிற நாடு ஒன்று இருக்கவேண்டும் என்ற ஆசை இருந்தது. அந்த ஆசையில் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார்கள். வாயைப் பொத்தினவனுக்கு ஒன்றும் கிடைக்காது என்று இப்போது சொல்லலாம். அப்போது சொல்ல யாரும் இருக்கவில்லை.

அந்த நாட்களில் கடிதத்தைவிடக் கசற்றில் பேசி அனுப்புவதுதான் வழக்கம். மனைவியின் குரலையும் கேட்கலாம், பின்னால் சேவல் கூவுவதையும் கேட்கலாம். கிறேஸ் அனுப்பிய கசற்றில் டிலுக்சன் வெள்ளைக்கார அறிவிப்பாளர் மாதிரியே இழுத்து இழுத்து, "செல்ரிக்... டூ!" என்று சொன்னான். அடம்பனிலும் செய்திக்குப் பிறகு வானொலியை நிறுத்துவதில்லை என்று நிக்கலஸுக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த இடத்தை அவன் கசற்று தேயத் தேயக் கேட்டான். பதிலுக்குத் தானும் ஒரு கசற்றில் பேசினான். சந்தோஷம் தலைக்கேறியிருந்தது.

"கிறேஸ், செல்ரிக் கப்பை வெண்டுதெண்டு வானொலியிலை சொன்ன உடனை பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கொழும்புக்கு வெளிக்கிடு. மடு மாதாவாணை, விசா வந்திருக்கும்."

மன்னார்க் கத்தோலிக்கர் என்ன பொய்யும் சொல்லுவார்கள். மடு மாதாவின் மேல் ஆணை வைத்துச் சொல்லமாட்டார்கள். அதை அவன் மறந்திருந்தான். கிறேஸ் மறக்கவில்லை.

சித்திரை மாதக் கடைசியில், அழகான ஒரு சனிக்கிழமையில், செல்ரிக் டண்டியை மூன்றுக்குப் பூச்சியமாக அடித்து வெற்றிக்கிண்ணத்தை எடுத்தது. நிக்கலஸ் தவராஜாவைத் தூக்கிச் சுற்றினான். அடுத்த வீட்டு டேனிஷ்காரி சண்டையாக்கும் என்று எட்டிப் பார்த்தாள். அன்று அந்த வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி. இதில் தவறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செல்ரிக்கை நினைத்து அவன் சந்தோஷப்பட்ட கடைசி நாள் அது.

பிறகு ஒரு மத்தியானம் தொலைபேசி அடித்தது.

"நான்தான் கதைக்கிறன். கொழும்புக்கு வந்திட்டம்," என்றாள் கிறேஸ்.

நிக்கலஸுக்கு விளங்கவில்லை. "ஏன்? என்ன நடந்தது? ஆமியோ?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள். செல்ரிக் வெண்டது நானும் கேட்டனான். ரண்டு இடத்திலை பஸ்ஸாலை இறக்கிப்போட்டாங்கள். ஒரு மாதிரி வந்து சேர்ந்திட்டம். கொட்டாஞ்சேனையிலை கன்னியாஸ்திரிமாற்றை மடத்திலை நிக்கிறம். பிள்ளைக்குத்தான் காய்ச்சல் காயுது. பயணக் களையாக்கும். எப்ப பிளேன்?"

பகிடிக்குச் சொன்னேன் என்று சொல்லலாமா? மாதாவின் பெயரைச் சொல்லிப் பகிடியா? நெருப்புக்குள்ளால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பவளிடம் என்னத்தைச் சொல்லுவது?

"அடுத்த கிழமை," என்றான்.

அதைச் சொன்னது தன் வாய்தானா என்று அவனுக்கே திகைப்பாக இருந்தது. எப்படியும் இதற்குள் முடிந்திருக்கும், போய்க் கேட்டால் எடுத்துத் தந்துவிடுவார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அன்றைக்கே தவராஜாவைக் கூட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு ஓடினான்.

அங்கே இருந்த பொலிஸ்காரர் நல்ல மனிதர். நிக்கலஸின் முகத்தைப் பார்த்ததும் கதிரை போட்டு இருத்தி, கொப்பன்ஹேகனுக்குத் தொலைபேசி எடுத்தார். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு இன்னொருவரைக் கேட்டார். அவருடைய காது மெல்ல மெல்லச் சிவந்தது.

"அது கிடக்கிறது," என்றார் தொலைபேசியை வைத்துவிட்டு.

"வரிசையிலை எத்தனையாவது?" என்று தவராஜா தனக்குத் தெரிந்த டேனிஷில் கேட்டார்.

"வரிசை ஒன்றும் இல்லை. தமிழருடைய விண்ணப்பங்களை எடுப்பதில்லையாம். ஏன் என்று சொல்லுகிறார்கள் இல்லை. எனக்கும் இப்போதுதான் தெரியும்."

ஏன் என்பது பிறகு ஊருக்கே தெரியவந்தது. நீதி அமைச்சரின் வாய்ச்சொல்லில் அந்தக் கோப்புகள் எல்லாம் தூங்கவைக்கப்பட்டிருந்தன. விசாரணை நடந்து, தொண்ணூற்றுமூன்றில் அரசாங்கமே வீட்டுக்குப் போனது. நல்லது, போகட்டும். ஆனால் அன்றைக்கு அந்தக் கதிரையில் இருந்த நிக்கலஸுக்கு ஒன்றுதான் விளங்கியது. அவன் ஒவ்வொரு சனிக்கிழமையும் சந்தோஷப்பட்ட காலம் முழுக்க அவனுடைய கோப்பை ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

கிறேஸைக் கூப்பிட அவனிடம் மடத்து இலக்கம் இல்லை. அவள் எடுக்கும்வரை காத்திருந்தான். அவள் எடுத்தது அடுத்த சனிக்கிழமை. நிக்கலஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். விசா இல்லை, பிளேன் இல்லை, எப்போது வரும் என்று தெரியாது, நான் சொன்னது பொய்.

அந்த நேரம் பார்த்துத் தவராஜா அறைக்குள்ளிருந்து, "டேய், செல்ரிக் மற்றக் கப்பையும் கடைசி நிமிஷத்திலை எடுத்திட்டாங்களடா!" என்று கத்தினார். பாவம், யாரோடு கதைக்கிறான் என்று அவருக்குத் தெரியாது.

"கிறேஸ்? நிக்கிறியோ? பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிட்டுதோ?"

"ஓம். விட்டிட்டுது," என்றாள் கிறேஸ்.

"ஒருக்கால் குடு, கதைக்க."

"படுத்திருக்கிறான்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மடத்திலேயே சமையல் உதவிக்கு நிற்கச் சொல்லுகிறார்கள், நிற்கப்போகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அன்றோடு நிக்கலஸ் சனிக்கிழமைகளில் தமிழ்ச் செய்தி முடிந்ததும் வானொலியை நிறுத்தினான்.

அதன் பிறகு கிறேஸ் இடைக்கிடை எடுப்பாள். பெடியன் விளையாடுகிறான் என்பாள், பள்ளிக்கூடம் போய்விட்டான் என்பாள். தன் மேல் கோபத்தில்தான் பிள்ளையைக் கதைக்க விடாமல் வைத்திருக்கிறாள் என்று நிக்கலஸ் நினைத்தான். அந்தக் கோபம் நியாயம்தான் என்று எதிர்த்துக் கேட்கவில்லை. இப்போது அவன் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கவும் இல்லை. முறையிடக்கூடிய இடமெல்லாம் தவராஜாவோடு போய் முறையிட்டான். அடுத்த வருஷம் கோப்புகள் அசையத் தொடங்கின. கோடை தொடங்கும்போது அந்தப் பொலிஸ்காரரே வீட்டுக்கு வந்து, இரண்டு பேருக்கும் அனுமதி வந்துவிட்டது என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரண்டு பேருக்கும் வந்திட்டுது கிறேஸ்! உண்மையாத்தான்!" என்று தொலைபேசியில் கத்தினான் நிக்கலஸ். அவள் விம்மி விம்மி அழுதாள். அவனும் அழுதான். சந்தோஷ அழுகைதானே என்று அவளை அழவிட்டான். பிளேன் ரிக்கற் அலுவலைக் கன்னியாஸ்திரிகள் பார்ப்பார்கள் என்றாள் அவள்.

தவராஜா ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். இருவரும் விடியப் புறப்பட்டு, கப்பலில் காரை ஏற்றிக் கடல் கடந்து, கொப்பன்ஹேகன் விமான நிலையத்துக்கு வந்தார்கள். வழி முழுக்கத் தவராஜா சின்னப் பெடியனுக்கு டேனிஷில் முதலில் என்ன சொல்லிக் கொடுப்பது என்று பகிடி விட்டுக்கொண்டே வந்தார். நிக்கலஸை இறக்கிவிட்டு அவர் காரை நிறுத்தப் போனார்.

கதவு திறந்து திறந்து மூடியது. கனபேர் வந்தார்கள். பிறகு கிறேஸ் வந்தாள். மெலிந்திருந்தாள். கையில் ஒரு பெட்டி. நிக்கலஸ் ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கினான். வாங்கிக்கொண்டே அவளுக்குப் பின்னால் பார்த்தான். குனிந்தும் பார்த்தான், சின்னப் பிள்ளைதானே, ஆட்களுக்குள் மறைந்திருப்பான் என்று.

"எங்கை பெடியன்? உள்ளுக்கை மறிச்சுப்போட்டாங்களோ?"

"அவங்களும் கேட்டவங்கள். ரண்டு பேர் இருக்குது, மற்றாள் எங்கை எண்டு," என்றாள் கிறேஸ். "இல்லை எண்டனான்."

"இல்லையெண்டால்?"

"கொழும்புக்கு வந்த கிழமையே போயிட்டான். மலேரியா. மூளைக்கு ஏறிட்டுதாம். டொக்டர் ஆசுப்பத்திரி வாட்டிலை மறிக்கச் சொன்னவர். நீங்கள் அடுத்த கிழமை பிளேன் எண்டனீங்கள். வாட்டிலை விட்டால் பிளேன் போயிடும் எண்டு, மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு தூக்கிக்கொண்டு வந்திட்டன்."

நிக்கலஸின் கையிலிருந்த பெட்டி கீழே விழுந்தது. ஒரு வருஷமாக விளையாடிக்கொண்டும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டும் இருந்த பிள்ளை அவன் கண்முன்னே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் உண்மையைச் சொன்ன அண்டைக்கு, காலமை அடக்கம் செய்துபோட்டு வந்துதான் உங்களுக்கு எடுத்தனான். சொல்லத்தான் எடுத்தது. நீங்கள் விசாவே இல்லை எண்டீங்கள். பிள்ளை இல்லை எண்டு தெரிஞ்சால் கிடக்கிற பேப்பரையும் கிழிச்சுப்போடுவாங்கள் எண்டு பயந்திட்டன். பிறகு சொல்ல வாய் வரேல்லை."

தவராஜா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கையில் சின்னப் பெடியனுக்கென்று வாங்கின ஐஸ்கிறீம் உருகி வழிந்துகொண்டிருந்தது. "வாங்கோ தங்கச்சி, வாங்கோ! எங்கை எங்கடை சின்னவர்?" என்று அவரும் குனிந்து பார்த்தார்.

கிறேஸ் வாயைத் திறக்கப் பார்த்தாள். நிக்கலஸ் அவளை மறித்தான்.

"அடுத்த கிழமை பிளேன் எண்டு நான் ஒரு பொய் சொன்னனான் அண்ணை," என்றான். "அதை நம்பி என்ரை பிள்ளையை ஆசுப்பத்திரியிலை விடேல்லை."