மாமா கழற்றிய பில்டர்

குருநகரிலிருந்து செபமாலை கொக்குவிலுக்கு வந்தது மருமகன் டினேஸ் மேலுள்ள பாசத்தால் அல்ல. சீதனமாகக் கொடுத்த கார் ஓடவில்லை, வேறு கார் வேண்டும் என்று அவன் குடும்ப வட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தான். லண்டனிலிருந்து பதினொரு பேர் அழுகிற முகம் போட்டிருந்தார்கள்.

"கும்பிடுறன், மருமோன்," என்றார், கேற்றைக் காலால் தள்ளியபடி. "உங்களுக்குப் பிடிக்காத கார் எங்கை?"

"கராச்சிலை திருத்தக் குடுப்பம் மாமா. உங்களுக்கேன் கரைச்சல்?"

"முப்பது வருசமா நடுக்கடலிலை எஞ்சின் கழட்டிறன். உங்கடை வீட்டு முத்தத்திலை என்ன, அலையே அடிக்குது?"

டினேஸ் காருக்கு முன்னால் போய் மறித்து நின்றான். கியூஆர் அட்டைக்குக் கிடைக்கும் பங்கீட்டுப் பெற்றோல் முடிந்த கிழமை, மாமா வலை வைக்கும் வாடியிலிருந்து பெரிய கானைப் பெற்றோல் என்று நினைத்துத் தூக்கி வந்து காருக்குள் ஊற்றியவன் அவன்தான். வள்ளத்து எஞ்சின் பெற்றோலில் கிளம்பினாலும் மண்ணெண்ணெயில்தான் ஓடும் என்பது கரையில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். கொக்குவிலில் பட்டதாரிக்குத் தெரியாது. கொரோனாவுக்குப் பிறகு அவனுக்கு மணமும் பிடிபடுவதில்லை. கார் ஒழுங்கை முனையிலேயே திக்கித் திக்கி நின்றது. உண்மையைச் சொல்வதை விட வேறு கார் கேட்பது சுலபமாக இருந்தது.

அந்தக் கான் காணாமல் போனதற்காக, பதினாறு வருடம் தன்னோடு தொழில் செய்த கனிசியஸைக் கள்ளன் என்று கரை முழுக்கக் கேட்கத் திட்டித் தொழிலிலிருந்து கலைத்திருந்தார் செபமாலை. "உவங்களை நம்பேலாது மாமா," என்று டினேஸும் அன்று ஒத்து ஊதியிருந்தான்.

செபமாலை, குழாயில் அழுத்தம் இறங்க, பெற்றோல் பம்பின் பியூசைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை ஓடவிட்டார். அது இருமி ஓய்ந்தது. பற்றரி வயரைக் கழற்றினார். துணியைச் சுற்றி இரண்டு பக்கமும் இளக்கிப் பெற்றோல் பில்டரை எடுத்து, மகள் ஜெசிதா கொண்டுவந்த வெள்ளைக் கோப்பைக்குள் கவிழ்த்தார்.

பச்சையாக வடிந்தது. விரலில் தொட்டு மூக்கில் வைத்து மணந்து பார்த்தார்.

"பிள்ளை, உன்ரை மனுசன் காரை வள்ளமாக்கிப்போட்டார். உது என்ரை கானிலை இருந்த மண்ணெண்ணெய். இந்தப் பச்சை ஒயிலை என்ரை கையாலை கலந்தனான்."

ஜெசிதா புருசனைப் பார்த்தாள். "சிநேகிதன் தந்த பெற்றோல் எண்டல்லோ சொன்னீங்கள்?"

"சிநேகிதன்ரை பேர் செபமாலையோ?" என்றார் செபமாலை.

"அவசரத்துக்கு எடுத்தது, மாமா..."

"அவசரத்துக்கு எடுத்துப்போட்டு ஆறுதலாக் கார் கேட்டிருக்கிறியள்." தான் கொண்டுவந்த புதுப் பில்டரை, அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்க வைத்து ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினார். "தாங்கியை வடிக்கலாம். அதுக்கு முன்னம் கனிசியஸுக்குப் போன் அடியுங்கோ. நீங்கள் உண்மையைச் சொல்லி முடிச்சாத்தான் மற்றப் பக்கம் இறுக்குவன்."

"குறூப்பிலை எழுதிவிடட்டே?"

"எழுத்து உங்களுக்கு நல்லா வரும். வாயாலை சொல்லுங்கோ."

டினேஸ் அழைத்தான். மறுமுனையில் காற்று இரைந்தது.

"கனிசியஸ் அண்ணை... அந்தக் கான்... நான்தான் எடுத்தனான்."



"கேக்கேல்லைத் தம்பி. பொறுங்கோ, கரையிலை நிக்கிற ஆக்களைக் கூப்பிடுறன். ஸ்பீக்கரிலை போட்டிட்டுச் சொல்லுறன், திரும்பச் சொல்லுங்கோ."

செபமாலை ஸ்பானரோடு காரில் சாய்ந்துகொண்டார். அவருக்கு ஒரு அவசரமும் இருக்கவில்லை.