சிவப்பு மையில் நாற்பத்திரண்டு அட்டைகள்

ஹாலோவே துரையின் புத்தகத்தில் என் பெயர் அச்சாக வேண்டும். பதினோரு வருஷமாக எனக்கிருந்த ஆசை அது ஒன்றுதான்.

கொல்லிமலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்தாரே தவிர, துரைக்குக் காப்பியில் அக்கறை கிடையாது. இங்கிலீஷ்காரர்களே மறந்துபோன பழைய இங்கிலீஷ் சொற்களைத் தேடிப் பொறுக்குவதுதான் அவருக்குப் பிழைப்பு. ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. அவர் சொல்லச் சொல்ல அதை முத்து முத்தாக எழுதுவது தோட்டத்து ரைட்டரான என் வேலை. ‘ஓவர்மாரோ’ என்றால் நாளை மறுநாள். ‘க்ரோக்’ என்றால் அடுத்தவன் சாப்பிடுவதை, வாய்விட்டுக் கேட்காமல் பார்த்துக்கொண்டே நிற்பது. லண்டனில் எவனுக்கும் தெரியாத சொல், புளியஞ்சோலையில் பிறந்த அண்ணாமலைக்குத் தெரியும்! அந்தக் கர்வத்தில் நான் தரையில் நடக்கவில்லை. முன்னுரையில் உன் பெயரைப் போடுகிறேன் என்று துரையும் வாக்குக் கொடுத்திருந்தார்.

அப்புறம் சென்றாயன் வந்து சேர்ந்தான்.

அதே மலையில் திருப்புலி நாடு என்கிற பகுதிக்காரன். 1931 மார்கழியில் ஒரு சாயங்காலம் மிளகு மூட்டையோடு பங்களாவுக்கு வந்தான். அப்போது துரையின் கையில் இருந்த அட்டை ‘காக்‌ஷட்’. கோழிகளைக் கூட்டில் அடைக்கிற அந்தி நேரத்துக்கு அந்தக் காலத்து இங்கிலீஷ் பெயர். “இந்த நேரத்துக்கு இவர்கள் என்ன சொல்வார்கள், கேள்” என்றார் துரை, விளையாட்டாக.

கேட்டேன். சென்றாயன் யோசிக்கவே இல்லை. “கோழி அடையற நேரமுங்க.”

நான் மொழிபெயர்த்ததும் துரை நாற்காலியை விட்டு எழுந்து குதித்தார். எனக்குத் தெரியாத பேச்சா அது? எங்கள் அம்மாவும் அப்படித்தான் சொல்வாள். ஆனால் துரை என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை. அந்தப் பேச்சை மறப்பதற்குத்தானே நான் இங்கிலீஷ் படித்தேன்?

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் சென்றாயனுக்கு அழைப்பு. பீங்கான் கோப்பையில் காப்பி. பதினோரு வருஷம் அந்த வீட்டில் மை தொட்டு எழுதிய எனக்குத் தகரக் குவளைதான். நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளானுக்குப் பீங்கான்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முன்னுரையில் இவன் பெயர் வந்துவிடும், என் பெயர் போய்விடும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

துரை ஒரு முறை வகுத்தார். மலைக்காரர்களிடம் அந்தப் பொருளுக்குச் சொல் இருந்தால் அட்டையின் அடியில் கறுப்பு மையில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் ‘இல்லை’ என்று சிவப்பு மையில். துரைக்குத் தெரிந்த தமிழ் குதிரைக்காரனை அதட்ட மட்டுமே காணும். ஆகவே இருவருக்கும் நடுவில் வாய் நான்தான்.

அடுத்த வாரம் வந்த சொல் ‘ஹார்ட்பர்னிங்’. அடுத்தவன் உயர்வைக் கண்டு உள்ளுக்குள் புகைவது. சென்றாயன் சிரித்தான். “வவுத்தெரிச்சலுங்க. இதுக்கா ரோசனை?”

நான் துரையைப் பார்த்து, “இவர்களிடம் அதற்குச் சொல் இல்லை” என்றேன். சிவப்பு மையைத் தொட்டேன்.

முதல் பொய்தான் கஷ்டம். அதன்பின் கை தானாகவே சிவப்பு மைக்குப் போயிற்று. குளிர்கால வெயிலின் இதத்துக்கு ‘அப்ரிசிட்டி’ என்று ஒரு சொல் வந்தது. “எளவெயிலுங்க” என்றான். இல்லை என்று எழுதினேன்.

ஒருநாள் சென்றாயன் அட்டையை எட்டிப் பார்த்தான். “ஏனுங்க ரைட்டரே, என் பேச்சை இப்பெல்லாம் செவப்புல எழுதறீங்களே. குங்குமக் கலரு நல்லதுக்குத்தானுங்களே?” கல்யாணப் பத்திரிகைக்கும் பொங்கல் பானைக்கும் குங்குமம் வைத்து நல்ல காரியம் தொடங்குகிற மனுஷன், வேறெப்படி நினைப்பான்? நான் அடுத்த அட்டையை எடுத்தேன்.

கடைசி அட்டை ‘ரூத்’. பிறர் துன்பம் கண்டு மனம் இளகுவது. சென்றாயன் இந்த முறை கொஞ்சம் யோசித்தான்.

“மனசெரக்கமுங்க. போன ஐப்பசியில நீங்க காச்சல்ல கெடந்தப்போ, எம்பட ஊட்டுக்காரி பாவாயி ஒரு வாரம் கஞ்சி கொண்டாந்தாள்ல, அதுதானுங்க.”

அந்தச் சாமைக் கஞ்சியின் சூடு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதைக் குடித்துத்தான் பிழைத்தேன். துரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லை” என்றேன். அது நாற்பத்திரண்டாவது சிவப்பு.

துரை தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போனார். இரண்டு வருஷம் கழித்துத் தபாலில் புத்தகம் வந்தது. முன்னுரையை நின்றபடியே படித்தேன்.

‘இம்மலைவாசிகள் அந்தியைக் கோழியைக் கொண்டு அறிகிறார்கள். ஆனால் நாற்பத்திரண்டு மெல்லிய உணர்வுகளுக்கு இவர்களிடம் பெயரே இல்லை. இரக்கம் அவற்றில் ஒன்று. பெயர் இல்லாத உணர்வை மனிதர் உணர்வதும் இல்லை. இதற்குச் சாட்சி, இவர்களை நன்கறிந்த என் நேர்மையான எழுத்தர் அண்ணாமலை.’

சென்றாயன் பெயர் எங்குமே இல்லை. எவன் முந்திக்கொள்வான் என்று நான் வெந்துகொண்டிருந்தேனோ, அவன் அந்தப் பந்தயத்திலேயே இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

புத்தகம் வந்த செய்தி எப்படியோ பரவி, மறுநாளே சென்றாயன் பாவாயியை அழைத்துக்கொண்டு வந்தான். அவள் கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம்.

“ஏனுங்க, என் பேச்சு வந்துச்சுங்களா? அந்தச் செவப்பு மையில எழுதினதெல்லாம்?”

“வந்திருக்குது சென்றாயா. ஒண்ணு விடாம வந்திருக்குது.”

புத்தகத்தை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். பாவாயியிடம் கொடுத்தான். அவளும் ஒற்றிக்கொண்டாள்.

“உங்க பேரு வந்துச்சுங்களா, ரைட்டரே?”

“வந்திருக்குது.”

அவன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. “அது போதுமுங்க. பதினோரு வருசம் பாடுபட்டது நீங்க. என் பேச்சு வராட்டிகூட உங்க பேரு வரோணுமின்னுதானுங்க, நாங்க ரெண்டு பேரும் சாமிகிட்ட வேண்டிக்கிட்டிருந்தோம்.”