மெடிக்கல் கடை மாத்திரை

மட்டாஞ்சேரியில் அன்று போதை ஒழிப்பு ஊர்வலம். பேனரின் ஒரு நுனியைப் பிடிக்க இசக்கிதுரை வெள்ளைச் சட்டை போட்டுக் கிளம்பினார். பையில் மாத்திரை அட்டை துருத்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் மனைவி பாக்கியலக்ஷ்மிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காலையிலயே எத்தனை போட்டீங்க?"

"நாலு. சும்மா கெடட்டி. தோப்பும்படி ஹார்பர்ல மீன் பெட்டி தூக்குத இடுப்பு. நான் என்ன கஞ்சாவா அடிக்கேன்?"

மூன்று வருஷமாக இதே பதில். இடுப்பு வலிக்கு ஐந்து நாளைக்கென்று டாக்டர் எழுதிய மாத்திரை அது. பிறகு சீட்டு கேட்காத மெடிக்கல் கடை ஒன்று அவருக்கு அகப்பட்டது. ஒன்று இரண்டாகி, இப்போது தினம் எட்டு. ஒருமுறை அவள் அட்டையை ஒளித்து வைத்தாள். மூக்கு ஒழுக, உடம்பு நடுங்க, வயிற்றுப்போக்கோடு அவர் துடித்த துடிப்பில் அவளே எடுத்துக் கொடுத்தாள். அந்தக் கோபம் அவளுக்குத் தன்மேலேயே இன்னும் இருந்தது.

ஊர்வலம் பஜார் முனை திரும்புகையில் அவர் பேனரோடு சாய்ந்தார். கைகால் வெட்டி இழுத்தது. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நினைவு திரும்பியதும் டாக்டர் சுமா கேட்டார். "சேட்டா, என்ன குளிகை, என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"ஒண்ணுமில்ல டாக்டரே. பீடிகூட கெடையாது."

பாக்கியலக்ஷ்மி அவர் பையிலிருந்த அட்டையை உருவி நீட்டினாள். "தெனம் எட்டு, டாக்டரே!"

"அது மருந்துல்லா?" என்றார் இசக்கிதுரை.

"மருந்துதான். ஆனா அபின் மாதிரி வேலை செய்யிற மருந்து. அளவு கூடினா இப்படி ஃபிட்ஸ் வரும். மூச்சும் நின்னு போகும்."

"அப்ப எல்லாத்தையும் இப்பவே காயல்ல எறியுதேன்" என்றாள் பாக்கியலக்ஷ்மி.

"வேண்டாம் சேச்சி, வீட்டுல வச்சு நீங்களா நிறுத்தினா அவர் தாங்க மாட்டார். இங்க அட்மிட் ஆகட்டும். வேற மருந்து குடுத்து நாங்க நிறுத்தறோம்."

"போதைக்காரங்க வார்டுலயா? யாராவது பாத்தா?"

"பஜார் பூரா பாத்தாச்சு!" என்று கத்தினாள் பாக்கியலக்ஷ்மி. நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

பன்னிரண்டு நாள் அங்கே கிடந்தார். வீடு வந்த மூன்றாம் வாரம் தலையணை உறைக்குள் புது அட்டை. அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. தெருவில் போன ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினாள்.

"ஏறுங்க. டாக்டரம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க."

அவர் உடனே ஏறவில்லை. வேட்டி மடியிலிருந்து அவளுக்குத் தெரியாத இன்னொரு அட்டையை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு, ஏறி உட்கார்ந்தார்.