முகட்டுக்குக் கீழே ஒரு வழி

மூன்றாம் நாள் காலை கூடாரத்தைச் சுருட்டும்போதே வெலிச்காவுக்குத் தோள் இற்று விழுவதுபோல வலித்தது. இரண்டு இரவும் விடாத மழை. ஈரத்துணி கல்லாய்க் கனத்தது. அவள் நாத்தனார் டோச்கா விழுந்து கிடந்த மரத்தின்மேல் உட்கார்ந்து காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"ஏன் அண்ணி, மேல முகட்டுல ராஜபாட்டையாட்டம் வழி கெடக்கு. ராத்திரியானா விடுதி, அடுப்பு, சுடச்சுட பீன்ஸ் சூப்பு. நாம என்னடான்னா இந்தக் காட்டுக்குள்ள ஊறிப்போய்க் கெடக்கோம்."

"மேல ஒரே கூட்டம்டி."

"இந்த மழையிலயா?"

வெலிச்கா காதில் வாங்காததுபோல முளைக்குச்சிகளைப் பொறுக்கிப் பையில் போட்டாள்.

ஜூலை மாதம் பிறந்தால் பால்கன் மலையின் முகட்டில் ஒரு வாரம் நடப்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். வெலிச்கா, அவள் கணவன் கிரஸ்தியோ, அவன் தங்கை டோச்கா. வழியிலுள்ள விடுதிக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவர்களைத் தெரியும். மூவரின் தலையைக் கண்டதுமே மூன்று தட்டு வைத்துவிடுவார்கள். இந்த மார்ச்சில் கிரஸ்தியோ பெட்டியைக் கட்டிக்கொண்டு, ப்ளோவ்திவ் நகரத்தில் பல் வைத்தியம் பார்க்கும் ஒருத்தியோடு குடியேறிவிட்டான். அதற்குப் பிறகு வெலிச்காவுக்குச் சரியான தூக்கமே இல்லை. கோடை வந்ததும், எங்காவது நடந்து தீர்த்தால் தேவலை என்றிருந்தது. நடக்க அவளுக்கு இந்த மலையை விட்டால் வேறெதுவும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு விடுதி வாசலிலும் "கிரஸ்தியோ எங்கே?" என்று கேட்பார்களே! அந்தக் கேள்விக்குப் பயந்துதான் வடக்குச் சரிவில், பீச் மரக்காட்டுக்குள் போகும் மேய்ச்சல்காரர்களின் பழைய பாதையைப் பிடித்திருந்தாள்.

பாதை என்று அதைச் சொல்வதே பெரிய மனசு. மரத்தில் பூசியிருந்த அடையாளச் சாயம் உரிந்துபோயிருந்தது. இடுப்பளவு காஞ்சொறி, பட்ட இடமெல்லாம் தடித்து அரித்தது. பத்தடிக்கு ஒரு மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. பையைக் கழற்றி அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, தாங்களும் ஊர்ந்து போனார்கள். முந்தின வருடங்களில் இந்தக் காட்டை மேலிருந்து பார்த்து, எவ்வளவு அமைதி என்று வெலிச்கா சொன்னதுண்டு. இப்போது அதன் அமைதி அவள் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. நினைக்க வேண்டாம் என்றிருந்த அத்தனையும் அந்த அமைதிக்குள் சாவகாசமாக வந்து போயின.

மதியத்துக்குள் டோச்காவின் குதிகால் கொப்புளம் உடைந்து ரத்தம் கசிந்தது. இருவரும் ஈர ரொட்டியையும் வெள்ளைப் பாலாடைக்கட்டியையும் நின்றபடியே தின்றார்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்ற பயம்.

காடு முடிந்து ஒரு புல்வெளி திறந்தது. நடுவே ஆட்டுமந்தை. அதைப் பார்த்து முடிப்பதற்குள் கரடிபோல நான்கு நாய்கள் உறுமிக்கொண்டு ஓடிவந்து வளைத்துக்கொண்டன.

"அண்ணி, ஓடிடலாமா?" டோச்காவின் குரல் கிறீச்சிட்டது.

"ஓடுற காலாடி இது?" என்றாள் வெலிச்கா. பையோடு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். நாய் கடித்தால் கடிக்கட்டும் என்ற அலுப்புதான் அது. அவள் உட்கார்ந்ததும் நாய்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குரைப்பு மெல்ல இறங்கியது. பெரிய நாய் ஒன்று எதிரிலேயே படுத்து, கண்ணை எடுக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. டோச்காவும் அண்ணியின் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தாள்.

வெகுநேரம் கழித்து மழைக்கோட்டுப் போட்ட ஒரு மேய்ச்சல்காரர் சீட்டி அடித்துக்கொண்டே வந்தார். நாய்கள் ஒன்றும் நடக்காததுபோல வாலை ஆட்டிக்கொண்டு போயின.

"எந்தப் பக்கம் போறீங்கம்மா?"

வெலிச்கா கிழக்கே கையைக் காட்டினாள்.

"அங்கிட்டு வழி ஏது? பனி உருகினப்ப சரிவே பேந்து ஓடைக்குள்ள போயிடுச்சே. ஆடே போகாது. பேசாம மேல ஏறி விடுதிக்குப் போயிருங்க."

"வேற வழியே இல்லையா?"

"ரெக்கை இருந்தா இருக்கு," என்றார் அவர்.

ஏறினார்கள். மேலே போகப்போக மூடுபனி. முகட்டில் நட்டிருந்த இரும்புக் கம்பங்களை ஒவ்வொன்றாகத் தேடித் தேடி நடந்தார்கள். ஒவ்வொரு கம்பத்துக்கும் வெலிச்கா மனசுக்குள் ஒரு பதிலைத் தயார் பண்ணினாள். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. முதுகுவலி. சோபியாவில் வேலை. எதுவும் வாயில் நிற்கவில்லை.

விடுதி வாசலில் விடுதிக்காரர் மாத்தே நின்றிருந்தார். பருத்த உடம்பு, பனியன்மேல் ஏப்ரன். ஓடிவந்து டோச்காவின் பையை வாங்கிக்கொண்டார். "உள்ள வாங்க, வாங்க. அந்த ஷூவை அடுப்புப் பக்கம் வைங்க" என்பதோடு சரி. மேசையில் இரண்டு தட்டு வைத்தார். இரண்டே தட்டு. சூப்பும் ரொட்டியும் வந்தன. கொஞ்சம் ராக்கியாச் சாராயமும் வந்தது. மழையைப் பற்றிப் பேசினார், ஜெனரேட்டர் பழுதானதைப் பற்றிப் பேசினார். வெலிச்கா ஒவ்வொரு வாய்க்கும் அந்தக் கேள்வியை எதிர்பார்த்து, சூப்பின் ருசியே தெரியாமல் விழுங்கினாள். கடைசியில் அவளுக்கே பொறுக்கவில்லை.

"ஏண்ணே, கிரஸ்தியோ வரலையான்னு கேக்கலையே?"

மாத்தே கரண்டியைத் துடைத்தார். டோச்காவை ஒரு பார்வை பார்த்தார்.

"போன மாசம் வந்தான்மா. அந்தப் பொம்பளையோட."

"இங்கயா?"

"இங்க மட்டுமா? முகடு முழுக்க. எல்லா விடுதியிலயும் தங்கியிருக்கான். அந்தப் பொம்பளை வெள்ளை ஷூ போட்டுக்கிட்டு வந்து, கக்கூஸ்ல வென்னி வரலைன்னு ஒரே சண்டை. அப்ப ராவெல்லாம் கடகடன்னு ஓடிக்கிட்டிருந்த ஜெனரேட்டருக்கு மேல இருக்கிற ரூமைக் குடுத்தேன். நல்லாத் தூங்கியிருப்பாங்க."

வெலிச்கா கையிலிருந்த ரொட்டியை வைத்தாள். மூன்று நாள் காஞ்சொறி, சேறு, நாய். ஊருக்கெல்லாம் தெரிந்த சங்கதியை மறைக்கத்தான் அத்தனையும். மெதுவாக நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியுமாடி?"

டோச்கா தலையைக் குனிந்துகொண்டு ரொட்டியைப் பிய்த்தாள். "அண்ணனே போன் பண்ணிச் சொன்னான்."

"தெரிஞ்சுமா என்கூட அந்தக் காட்டுக்குள்ள வந்தே?"

"சொல்லியிருந்தா நீங்க மலைக்கே வந்திருக்க மாட்டீங்க. வீட்டுலயே கெடந்து சீலிங்கைப் பாத்துக்கிட்டு இருப்பீங்க. காட்டு வழியா, சரி, காட்டு வழின்னு வந்துட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா காஞ்சொறியைப் பத்தி நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும்."

கோபப்படக்கூட வெலிச்காவுக்குத் தெம்பில்லை. நாத்தனாரின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, ரத்தம் ஒட்டிய காலுறையை மெல்லப் பிரித்தாள். மாத்தே வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். அதற்குள் டோச்கா சாய்ந்தபடியே தூங்கிப்போனாள்.

"இன்னும் கொஞ்சம் சூப்பு ஊத்துங்கண்ணே," என்றாள் வெலிச்கா. "இப்பத்தான் பசிக்குது."

மறுநாள் டோச்காவால் ஷூவுக்குள் காலை நுழைக்கவே முடியவில்லை. சாமான் ஏற்ற கீழே போகும் ஜீப்பில் மாத்தே அவளை உட்கார வைத்தார்.

"நீங்களும் வந்துருங்க அண்ணி. தனியா என்னத்துக்கு?"

"வரேன். ரெண்டு விடுதி தள்ளி நடந்துபோய், அங்க மலையிறங்கி பஸ் பிடிச்சு வரேன். நீ அந்தக் காலை நனைக்காத."

ஜீப் போனபின் வெலிச்கா பையை மாட்டினாள். தோள் நேற்றைப்போலவே வலித்தது. முகட்டு வழி அகலமாக, ஒளிவு மறைவில்லாமல் நீண்டு கிடந்தது. காற்று ஒரு பக்கமாகத் தள்ளியது. எதிரே வந்த ஒரு கூட்டம் வணக்கம் சொல்லி, "தனியாவா போறீங்க?" என்று கேட்டது.

"ஆமா, தனியாத்தான்," என்றாள். சொல்லிவிட்டு நடந்தாள். மனசு லேசானதா என்று கேட்டால், இல்லை. கால் கனத்தது, கண் எரிந்தது, அடுத்த ஏற்றம் இன்னும் முழுசாகப் பாக்கியிருந்தது. பாதி ஏறியதும் பையை இறக்கி, எல்லாரும் பார்க்க வழி நடுவிலேயே உட்கார்ந்தாள். போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.