சொந்தக்காரனை விடாத மண்

மிளகாய்த் தோட்டத்து மண், உள்ளே வருகிறவர்களை "யாரு?" என்று கேட்க ஆரம்பித்தது. குரல் காதில் விழாது, உள்ளங்காலில் விழும். செருப்புப் போட்டிருந்தால் கொஞ்சம் மெதுவாகக் கேட்கும், அவ்வளவுதான்.

தோட்டத்துக்காரருக்கு மோப்பம் என்று பேர். பெற்றவர்கள் வைத்ததல்ல, மனைவி கொடுக்கும் தண்ணீரைக்கூட முகர்ந்துவிட்டுத்தான் குடிப்பார். முந்தின வருஷம் வேரழுகல் பூஞ்சை அவருடைய செடிகளை மொத்தமாகச் சாய்த்திருந்தது. இந்த வருஷமும் போனால் நிலத்தைச் செங்கல் சூளைக்கு விட்டுவிட வேண்டியதுதான் என்று மனைவி சொல்லிவிட்டாள். உரக்கடையில் வேலை பார்க்கும் அவள் தம்பி ஒரு பாக்கெட் பழுப்புப் பொடியோடு வந்தான். பூஞ்சையைத் தின்னும் நுண்ணுயிர் அதற்குள் உயிரோடு இருக்கிறது என்றான்.

"கிருமியைக் கொல்ல மருந்து கேட்டா, கிருமியையே கட்டிக்கிட்டு வந்திருக்கியே மாப்ளே."

"இது நல்ல கிருமி அத்தான். வேரைச் சுத்திக் காவல் நிக்கும்."

மோப்பம் பாக்கெட்டை முகர்ந்தார். மச்சினனையும் முகர்ந்தார். நிலத்தைச் சூளைக்குத் தள்ளிவிட அக்காளும் தம்பியும் செய்கிற ஏற்பாடு என்று அவருக்குப் பட்டது. இருந்தாலும் வேறு வழியில்லாமல் பொடியை மக்கிய எருவில் கலந்து, நிழலில் குவித்து, ஈரச்சாக்குப் போட்டு மூடினார். அது பெருகும்வரை பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, காவலுக்குப் போகிற கிருமிகளுக்குப் புத்தி சொன்னார். மச்சினன்மேல் ஒரு கண் இருந்ததால் இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: "எவன் வந்தாலும் யாருன்னு கேளு. சொந்தக்காரன்னு சொன்னா நம்பி உள்ள விட்டுடாதே."

எரு வேருக்குப் போனது; அன்றிலிருந்துதான் மண் கேள்வி கேட்க ஆரம்பித்தது. பூஞ்சை வழக்கம்போல வந்து பக்கத்துத் தோட்டத்தைப் படுக்கவைத்தது. இவர் வரப்பில் மட்டும் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் திரும்பிப் போனது. வாய்க்கால் தண்ணீர் மடையிலேயே விசாரிக்கப்பட்டது. மழை இடுப்பு உயரத்தில் நின்று, எந்தப் பக்கத்து மழை என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கியது. கையில் பையோடு வந்து "சும்மா பாத்துட்டுப் போலாம்னு" என்று இழுத்த பக்கத்துத் தோட்டக்காரர் மண்ணிடம் செருப்பைப் பறிகொடுத்துவிட்டுப் போனார். மோப்பத்துக்கு ஏக சந்தோஷம்; காவல்தான் இருக்கிறதே என்று அவர் உள்ளே இறங்காமல் வரப்பிலிருந்தே பார்த்துக்கொண்டார்.

பழம் சிவந்தது. பறிக்கக் கால் வைத்தார். யாரு என்றது. "சொந்தக்காரன்" என்றார். மண் அவரை, தாய்ப்பூனை குட்டியை வைப்பதுபோல, வரப்பில் தூக்கி வைத்தது. நிலம் என்னுது என்று எத்தனை விதமாகச் சொன்னாலும் அதே மரியாதைதான். மச்சினன் "பொடி கொண்டு வந்தவன்" என்று சொல்லி உள்ளே போனான். மனைவி "பறிக்க வந்திருக்கேன்" என்றாள், வழி கிடைத்தது. இரண்டு பேரும் மண்ணுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் என்று மோப்பம் வரப்பிலேயே உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தார். பறிக்க ஆள் போதாமல் பழம் செடியிலேயே சுருங்கத் தொடங்கியது.

மனைவி குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: "எங்க கை பத்தலைங்க. சொந்தங்கிறதை அங்கயே வச்சிட்டு வாங்க."

வெகுநேரம் கழித்து மோப்பம் கால் வைத்து, "பறிக்க வந்த ஆளு" என்று முணுமுணுத்தார். மண் யோசித்தது. பிறகு விட்டது.

சூளைக்காரர் வேறு நிலம் பார்த்துக்கொண்டார். இன்றும் காலையில் மோப்பம் வரப்பில் நின்று அதையே சொல்கிறார். மண் அவர் பாதத்தை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு விடுகிறது. பறிப்பு இல்லாத நாளில் களையெடுக்க வந்த ஆள் என்று மாற்றிச் சொல்ல வேண்டும்.